நியூட்டவுனை விட்டு மேற்குச் சிட்னிக்குக் குடிபோகும் இரு பெண்கள்: அங்கே வாழும் உங்கள் அனுபவம் என்ன?

கேள்வி – கார்த்திகைப்பூ

அனைவருக்கும் வணக்கம். நானும் என் துணைவியும் பதினோரு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். அதில் எட்டு ஆண்டுகள் சிட்னி நகர மையத்துக்கு அருகிலுள்ள நியூட்டவுனில் ஒரே வாடகை வீட்டில் கழிந்தன. இப்போது அந்த வீடு விற்பனைக்கு வருகிறது. எங்கள் சேமிப்புக்கும் வங்கி தரும் கடனுக்கும் எட்டுகிற வீடுகள் மேற்குச் சிட்னியின் டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் பக்கத்தில்தான் கிடைக்கின்றன. நான்கு வாரமாகச் சனிக்கிழமைகளில் வீடு பார்க்கப் போய்வருகிறோம். போன வாரம் பார்த்த ஒரு சிறிய வீடு எங்கள் இருவருக்குமே பிடித்துவிட்டது.

வீடு பிடித்த பிறகுதான் பயம் வந்தது. நியூட்டவுனில் கைகோத்து நடப்பதை நாங்கள் யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை ரயிலில் பரமட்டா தாண்டியதும் என் கை தானாகவே அவளுடைய கையை விட்டுவிட்டது. அவள் அதைக் கவனித்தாள், எதுவும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு ஒருபாலினத் திருமணம் குறித்து நடந்த தபால்வழிக் கருத்தெடுப்பின் முடிவுகள் வந்த காலையும் என் நினைவுக்கு வந்தது. நாடு முழுவதும் 61.6 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். பரமட்டா தொகுதியில் ‘இல்லை’ என்றவர்களின் அளவும் அதே 61.6 விழுக்காடு. நாங்கள் அப்போது வாழ்ந்த சிட்னி தொகுதியில் 83.7 விழுக்காட்டினர் எங்கள் பக்கம் நின்றார்கள். நாங்கள் இப்போது வீடு தேடும் இடத்தைச் சுற்றியுள்ள பரமட்டா, கிரீன்வே, சிஃப்லி ஆகிய மூன்று தொகுதிகளுமே மறுத்தவை.

இன்னொன்றும் இருக்கிறது. என் துணைவியின் சித்தி வெண்ட்வர்த்வில்லில் இருக்கிறார். அவருக்கு நாங்கள் ‘ஒரே வீட்டில் இருக்கும் தோழிகள்’. அந்தச் சொல்லை நகரத்தில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை தாங்கிக்கொள்ளலாம். அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் குடியிருந்துகொண்டு, தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திடமும் அதையே சொல்லிக்கொண்டு வாழ முடியுமா என்று தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள் யாரிடம் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், பழைய நண்பர்களை இழந்தீர்களா, தனிமையை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில் – பழையமேற்கு

வணக்கம் தங்கையே. எனக்கு வயது 61. நானும் என் கணவரும் 1996இல் பிளாக்டவுனுக்கு அருகே வீடு வாங்கினோம். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். உங்களுக்கு வந்த அதே காரணத்துக்காகத்தான் நாங்களும் வந்தோம். கையிலிருந்த பணத்துக்கு முற்றம் உள்ள வீடு இங்கேதான் கிடைத்தது.

நாங்கள் வந்த நாட்களில் சட்டம் எங்களுக்கு எதுவுமே தரவில்லை. இந்த மாநிலத்தில் ஆண்கள் இருவர் உறவு கொள்வது 1984 வரை குற்றமாக இருந்தது. நாங்கள் வீட்டுக்கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அது நீங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எங்களைப் போன்ற இணையருக்கு மாநிலச் சட்டம் சொத்துரிமை தந்தது 1999இல். கூட்டரசின் சட்டங்கள் மாறியது அதற்கும் பத்தாண்டுகளுக்குப் பிறகு. ஆகவே ஒருவர் இறந்தால் மற்றவர் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று வீட்டை இருவர் பெயரிலும் எழுதி, உயிலையும் உடனே எழுதிவைத்தோம். இதைக் குறிப்பிடக் காரணம், அந்த நாட்களில் நம் போன்றோர் கூடும் நகர மையத்து ஆக்ஸ்போர்டு வீதிக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கும் இதே சட்டம்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல நண்பர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அந்த நண்பர்கள் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தார்கள்.

நண்பர்களை இழந்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இழந்தோம். வீடு குடிபுகுந்த நாளில் பதினெட்டுப் பேர் வந்தார்கள்; அடுத்த ஆண்டு இருவர் வந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் ரயில் ஏறினோம். அவர்கள் எங்களை வெறுக்கவில்லை. மேற்கில் தங்களுக்குப் பார்க்க எதுவும் இல்லை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அது எனக்குப் பல ஆண்டுகள் வலித்தது. இதற்கு நீங்கள் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இனி அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் புறநகர் வாழ்க்கை என்பது பெரும்பாலும் அதுதான். எங்கள் வலப்பக்க வீட்டில் தவறாமல் தேவாலயம் செல்லும் ஒரு மூதாட்டி இருந்தார். நாங்கள் அவரிடம் எதையும் அறிவிக்கவில்லை, மறைக்கவுமில்லை. இரண்டு ஆண்கள், ஒரு வீடு, ஒரு கார்; அவராகவே புரிந்துகொண்டார். 2011இல் என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நான் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களும் எங்கள் நாய்க்கு உணவு வைத்தவரும், குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்துவைத்தவரும், ஒரு மாலை முழுவதும் என்னருகே மருத்துவமனை நடைக்கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதே பெண்மணி 2017இல் ‘இல்லை’ என்று வாக்களித்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார். என் முகத்துக்கு நேரே சொல்லாமல் விடுவது தனக்கு நேர்மையாகப் படவில்லை என்றார். நான் வீட்டுக்குள் வந்து அழுதேன். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவர் படிக்கட்டில் விழுந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். 2018இல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவர் வரவில்லை, ஆனால் தன் கையால் தைத்த மேசைவிரிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இன்று அவர் உயிரோடு இல்லை. அவரை நான் முழுவதும் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகர மையத்தில் எனக்கு ‘ஆம்’ என்று வாக்களித்த எவரும் அந்த ஒன்பது நாட்களில் எங்கள் குப்பைத் தொட்டியை இழுத்துவைக்கவில்லை.

அந்த வாக்கு எண்களை வைத்து மட்டும் மேற்கை மதிப்பிடாதீர்கள். நகரத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்ரித் வட்டாரத்தின் லிண்ட்சே தொகுதி ‘ஆம்’ என்றது. அதைவிட நகரத்துக்கு மிக அருகிலுள்ள பேங்க்ஸ்டவுன் பக்கத்து பிளாக்ஸ்லாண்ட் தொகுதியில் 73.9 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றார்கள். ஆகவே நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது இதைத் தீர்மானிக்கவில்லை. சமயமும், குடும்ப வலையும், யார் வந்து யாரிடம் பேசினார்கள் என்பதும்தான் தீர்மானித்தன. நீங்கள் சொன்ன பரமட்டாவிலேயே மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் ‘ஆம்’ என்றிருக்கிறார்கள். அவர்கள் கொடி பிடிப்பதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

யாரிடம் எப்போது சொல்வது என்பதற்கு எங்கள் வழி ஒன்றுதான். குழாய் பழுதுபார்க்க வருபவரிடம், “என் கணவர் ஐந்து மணிக்கு வந்துவிடுவார், அவரிடம் கேளுங்கள்” என்று சொல்வோம். வேறு எந்த விளக்கமும் தருவதில்லை. அதைச் சொல்லிவிட்டுக் குழாயைப் பற்றியே பேச்சைத் தொடர்ந்தால், பெரும்பாலானோர் குழாயைப் பற்றியே பேசுகிறார்கள்.

பதில் – நள்ளிரவுப்பேருந்து

மேலே எழுதிய ஐயாவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பதிலில் ஒரு பெரிய விஷயம் சொல்லப்படாமலே இருக்கிறது. அவருக்குச் சொந்த வீடு இருந்தது. கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. எனக்கு வயது 23. நான் மேற்கில் என் பெற்றோரோடு வாழ்கிறேன். வாடகை இருக்கும் நிலையில் தனியே போக என் சம்பளம் போதாது. புறநகரைப் பற்றிப் பேசும்போது வீடு வாங்கி வந்தவர்களின் குரலே அதிகம் கேட்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்து, வெளியேற முடியாமல் இருப்பவர்களின் குரல் கேட்பதில்லை.

இங்கே தன்பாலீர்ப்பினர் இல்லை என்பது பொய். தொலைபேசியில் எங்களைப் போன்ற ஆண்கள் ஒருவரையொருவர் தேடும் கிரைண்டர் செயலியைத் திறந்தால் என் வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் முகம் காட்டுபவர்கள் நால்வர். மற்றவர்கள் எல்லாம் வெற்றுச் சதுரங்கள், அல்லது கழுத்துக்குக் கீழே உள்ள படங்கள். நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஒரு முறை நானூறு மீட்டர் தொலைவில் காட்டிய ஒருவரோடு இரண்டு வாரம் பேசினேன். எங்களுக்குள் நல்ல புரிதல் வந்தது. பிறகு அவருடைய பின்னணியில் இருந்த ஒரு படத்தை வைத்து, அவர் என் அப்பாவின் நண்பருடைய மகன் என்று கண்டுகொண்டேன். அவரும் அதே நேரத்தில் என்னைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். இருவருமே அன்றிரவு கணக்கை அழித்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு திருமண மண்டபத்தில் சந்தித்துக் கைகுலுக்கினோம். இரண்டு பேருக்கும் ஒருவர் மற்றவர் தேவைப்பட்டார். ஆனால் எங்களுக்குச் சந்திக்க ஓர் இடம் இல்லை. நகர மையத்தில் அந்த இடம் இருக்கிறது. அதனால்தான் அதை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

என் சனிக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று சொல்கிறேன். வேலைச் சட்டையோடு வீட்டிலிருந்து கிளம்புவேன். சென்ட்ரல் நிலையக் கழிப்பறையில் வேறு சட்டைக்கு மாறுவேன். ஆக்ஸ்போர்டு வீதிக்கு நடந்துபோவேன். கடைசி ரயில் போய்விட்டால், இரவில் ரயிலுக்குப் பதிலாக ஓடும் நைட்ரைடு பேருந்துதான். அது ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று மேற்கே வருகிற நேரத்தில் மறுபடியும் வேலைச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். 1978 ஜூன் 24ஆம் நாள் இரவு அதே வீதியில் தொடங்கிய தன்பாலீர்ப்பினர் ஊர்வலத்தில் 53 பேர் கைதானார்கள் என்பதையும், அவர்களுடைய பெயரும் முகவரியும் தொழிலும் நாளேட்டில் அச்சானதால் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள் என்பதையும் படித்தபோது, என் பையில் இருக்கும் அந்தச் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டேன். நகரத்தில் வாழ்பவர்களுக்கு அது வரலாறு. என் பெயர் எங்காவது அச்சானால் எனக்கு அது நாளை நடக்கக்கூடியது.

அதே சமயம் அந்த வீதி எனக்குச் சொர்க்கமும் இல்லை. மாநிறத் தோலோடு அங்கே நிற்கும்போது பலர் என்னைப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள்; சிலர் நான் எந்த நாட்டுக்காரன் என்பதை மட்டுமே கேட்கிறார்கள். தெற்காசியத் தன்பாலீர்ப்பினருக்கான டிரைகோன் அமைப்பினரைச் சந்தித்த பிறகுதான் என் தாய்மொழியில் இதைப் பற்றிப் பேச எனக்கு வாய்த்தது. அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் மேற்கிலிருந்து வந்தவர்களாகவே இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே ரயில் பாதையில் வாழ்ந்துகொண்டு, ஒருவரையொருவர் பார்க்க முப்பது கிலோமீட்டர் பயணம் செய்திருந்தோம்.

இதைப் படிக்கும் என் வயதினருக்கு இரண்டு செய்திகள். என்னை மாற்றிவிடலாம் என்று நம்பி வீட்டார் பதினெட்டு வயதில் ஒருவரிடம் அழைத்துப்போனார்கள்; அந்த அமர்வுகள் எனக்குச் செய்த கேட்டிலிருந்து வெளிவர வெகுகாலம் ஆயிற்று. அத்தகைய ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடைசெய்யும் சட்டம் நியூ சவுத் வேல்ஸில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டாவது, நம் போன்றோருக்கென்று கியூலைஃப் என்ற தொலைபேசிச் சேவை இயங்குகிறது. அங்கே பெயர் சொல்லாமல் பேசலாம். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி பேசியிருக்கிறேன்.

கார்த்திகைப்பூ அக்கா, நீங்கள் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வந்த பிறகு கையை விட்டுவிடாதீர்கள். உங்களைப் போன்ற இரண்டு பேர் பரமட்டா நிலையத்தில் கைகோத்து நிற்பதைப் பதினைந்து வயதில் நான் பார்த்திருந்தால் என் பல இரவுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பதில் – இருதாய்வீடு

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனாலும் கடைசி வேண்டுகோளில் சிறிது எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். பிறருக்கு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காக எந்தப் பெண்ணும் இரவு நேர நடைமேடையில் தன் பாதுகாப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நானும் என் இணையரும் எங்கே கைகோப்பது, எங்கே கோக்காமல் இருப்பது என்று இன்னும் இடம் பார்த்தே முடிவு செய்கிறோம். அதைக் கோழைத்தனம் என்று நாங்கள் கருதுவதில்லை.

எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பெண்களாகிய எங்களுக்குப் புறநகர் புதிதன்று. ஆண்களுக்கு ஆக்ஸ்போர்டு வீதியின் மதுக்கூடங்கள் இருந்ததுபோல் பெண்களுக்கென்று நிலைத்த இடங்கள் நகரத்திலும் மிகக் குறைவாகவே இருந்தன. லெஸ்பியன் வாழ்க்கை பெரும்பாலும் வீடுகளிலும், விளையாட்டு அணிகளிலும், ஒருவர் மூலம் ஒருவர் அறிமுகமாவதிலும்தான் நடந்து வந்திருக்கிறது. அந்த வகையில் மேற்குக்கு வந்தபோது நாங்கள் இழந்தது, நாங்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. எங்கள் மகளின் கால்பந்து அணியில் இன்னொரு இரு தாய் குடும்பம் இருக்கிறது. அவர்களைத் தேடிப் போகவில்லை, மழையில் ஒரே குடையின் கீழ் நின்றபோது தெரிந்துகொண்டோம்.

குழந்தை இருந்தால் மறைத்து வாழ முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை உண்மையைச் சத்தமாகச் சொல்லிவிடும். “எனக்கு இரண்டு அம்மா” என்று அவள் பூங்காவில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறாள். சட்டப்படி அது சரியும்கூட. சேர்ந்து வாழும் பெண்களில் ஒருவர் கருத்தரிப்புச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்றால், மற்றவரின் ஒப்புதல் இருக்கும்போது இருவர் பெயரையும் பிறப்புச் சான்றிதழில் சேர்க்க இந்த மாநிலம் 2008இல் வழி செய்தது. ஆனால் எத்தனையோ படிவங்களில் ‘தந்தை’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்து ‘தாய்’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேசைக்கு அப்பால் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. பெரும்பாலும் அவர்கள் படிவத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். சமயப் பள்ளிகளுக்குக் கூட்டரசின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் விலக்கு உண்டு. எல்லாப் பள்ளிகளும் அதைப் பயன்படுத்துவதில்லை என்றாலும், சேர்ப்பதற்கு முன்பே நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

2024 மே மாதம் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். கம்பர்லாந்து நகரசபை 6க்கு 5 என்ற வாக்கில், ஒருபாலினப் பெற்றோரைப் பற்றிய நூல்களைத் தன் நூலகங்களிலிருந்து விலக்க மே 1 அன்று முடிவெடுத்தது. வெண்ட்வர்த்வில்லும் பெண்டில் ஹில்லும் அந்த எல்லைக்குள் வருபவை. நாங்கள் அடுத்த நகரசபைப் பகுதியில் வசித்தாலும் அந்த இரண்டு வாரமும் நான் சரியாக உறங்கவில்லை. என் மகளின் குடும்பத்தை வரைந்திருக்கும் ஒரு படப்புத்தகம்கூட மற்றக் குழந்தைகளின் கண்ணில் படக் கூடாதது என்று சிலர் கையுயர்த்தியதை எந்தத் தாயாலும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மே 15 அன்று 12க்கு 2 என்ற வாக்கில் அந்த முடிவு நீக்கப்பட்டது. வெளியே இரு தரப்புக் கூட்டமும் நின்றன. செய்திகளில் மேற்கு என்றால் வெறுப்பு என்பது போலவே பேசப்பட்டது. ஆனால் அந்த முடிவை எதிர்த்துப் பேசியவர்களிலும் மனுவில் கையொப்பமிட்டவர்களிலும் இந்தப் பகுதியின் பெற்றோர் இருந்தார்கள். அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது.

எங்களைப் போன்றோர் இங்கே எத்தனை பேர் என்று இதுவரை யாருக்கும் சரியாகத் தெரிந்ததில்லை. 2021 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஒரே வீட்டில் இணையராக வாழ்வதாக எழுதியவர்களை மட்டுமே எண்ணின. பெற்றோரோடு வாழும் இந்தத் தம்பி அந்தக் கணக்கில் இல்லை. சித்திக்குப் பயந்து ‘தோழி’ என்று எழுதுபவரும் இல்லை. 2026 கணக்கெடுப்பில்தான் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பாலீர்ப்பு பற்றிய கேள்வி முதல்முறையாகச் சேர்க்கப்படுகிறது. ஆகவே மேற்கில் நாம் குறைவு என்று யாராவது சொன்னால், எண்ணாமலே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் – கார்த்திகைப்பூ

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் என் துணைவிக்கு வாசித்துக் காட்டினேன். மூதாட்டி கொடுத்தனுப்பிய மேசைவிரிப்புப் பற்றிய இடத்திலும், கழிப்பறையில் சட்டை மாற்றும் இடத்திலும் அவள் என்னை நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

நேற்று மாலை அந்த வீட்டுத் தெருவுக்கு மறுபடியும் போனோம். இம்முறை முகவர் இல்லாமல், வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போனோம். தெருவை இரண்டு முறை சுற்றி நடந்தோம். இரண்டாவது சுற்றில் கைகோத்துக்கொண்டோம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீடு வாங்க வந்தவர்களா என்று கேட்டார். தெரு மழைக்காலத்தில் எந்தப் பக்கம் நீர் தேங்கும் என்பதைக் காட்டினார். அவர் என்ன நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

வீட்டை வாங்க விலை சொல்லி எழுதிவிட்டோம். ஆனால் அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சித்தியிடம் சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து, நிதானமாக உட்காரவைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். பழையமேற்கு அண்ணா, நீங்கள் உங்கள் குடும்பத்தில் எப்படிச் சொன்னீர்கள்?

பதில் – பழையமேற்கு

அழைத்து வர வேண்டாம் தங்கையே. அவருடைய வீட்டுக்கே போய், பகல் நேரத்தில், அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சொன்னால், தாங்க முடியாவிட்டால் அவர்தான் எழுந்து போக வேண்டியிருக்கும். அப்படி எழுந்து போனவர் திரும்பி வர வெகுகாலம் ஆகும். என் அக்கா எங்கள் வீட்டிலிருந்து எழுந்து போனார். திரும்பி வர ஆறு ஆண்டுகள் ஆயின. அவருடைய வீட்டில் சொன்னால், தேவைப்படும்போது நீங்கள் எழுந்து வந்துவிடலாம். அவர் தன் நாற்காலியிலேயே இருந்து யோசித்துக்கொள்வார்.

உங்கள் துணைவி மட்டும் உள்ளே போகட்டும். நீங்கள் காரில் காத்திருங்கள். தெருமுனையில் நிறுத்தாமல், அவருடைய ஜன்னலிலிருந்து தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.